டோக்கியோ கடையில் மணிலாவின் கைகள்

ஜப்பானில் உள்ள ஃபேமிலிமார்ட் கடைகள் சிலவற்றில், குளிர்பான அலமாரிக்குப் பின்னால் ஓர் இயந்திரக் கை வேலை பார்க்கிறது. முன்னால் பாட்டில் விற்க விற்க, பின்னாலிருந்து அடுத்ததை எடுத்து அடுக்கும். பெரும்பாலும் யார் தயவும் அதற்குத் தேவையில்லை. ஆனால் ஒரு பாட்டில் சரிந்து உருண்டுவிட்டால் திகைத்து நின்றுவிடும். அப்போது சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், மணிலாவில் இருக்கும் ஒருவர் விஆர் (மெய்நிகர்) கருவியைத் தலையில் மாட்டிக்கொள்கிறார். அலமாரி அவர் கண்முன் விரிகிறது. அவர் கையை நீட்டினால் ஜப்பானில் இயந்திரக் கை நீள்கிறது. பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

மெய்நிகர் உலகம் வேலையை எப்படி மாற்றும் என்று நமக்குச் சொல்லப்பட்ட கதை வேறு. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டபோது, இனி அலுவலகமே கருவிக்குள் வந்துவிடும் என்றார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாத கார்ட்டூன் பொம்மைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மீட்டிங் நடத்தின. அந்தக் கனவைச் சுமக்கும் மெட்டாவின் பிரிவு 2024-ல் மட்டும் 1,770 கோடி டாலர் நட்டம் காட்டியது. மைக்ரோசாஃப்ட் தன் ஹோலோலென்ஸ் கருவியின் உற்பத்தியை அதே ஆண்டில் நிறுத்திக்கொண்டது.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கருவியின் எடை சுமார் அரைக் கிலோ. ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2022-ல் ஒரு சோதனை நடந்தது. 18 பேர் ஒரு வாரம் முழுக்க, நாளுக்கு 8 மணி நேரம் விஆருக்குள்ளேயே வேலை பார்க்க வேண்டும். தலைவலி, குமட்டல் என்று இரண்டு பேர் முதல் நாளே கழன்றுகொண்டார்கள். தாக்குப்பிடித்தவர்களுக்கும் எரிச்சலும் கண்வலியும்தான் மிச்சம். மீட்டிங்கே போதாதென்று அதைத் தலையில் வேறு சுமப்பானேன்?

பயிற்சிக்கு மட்டும் இந்தக் கருவி நன்றாகவே உதவியது. வால்மார்ட் 2018-ல் 17,000 கருவிகளை அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பியது. தள்ளுபடி நாள் கூட்டத்தைச் சமாளிக்கும் விதத்தைக் கூட்டம் வருவதற்கு முன்பே ஊழியர்கள் பழகிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் மாட்டி, கழற்றி வைத்துவிடும் வேலை என்பதால் அது நிலைத்தது.

மணிலா விஷயம் இந்த இரண்டிலும் சேராது. கால் சென்டர் வந்தபோது குரல் மட்டும் கடல் தாண்டியது. இப்போது கைவேலையும் தாண்டுகிறது. விசா இல்லை, விமான டிக்கெட் இல்லை, தங்க இடம் தேட வேண்டியதில்லை. ஆள் பஞ்சத்தில் தவிக்கும், ஆனால் குடியேறிகளை ஏற்கத் தயங்கும் ஜப்பானுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? பொருளியலாளர் ரிச்சர்ட் பால்ட்வின் 2019-லேயே இதை எழுதினார்: உடம்பு ஊரிலேயே இருக்க, உழைப்பு மட்டும் குடிபெயரும் காலம் வருகிறது என்று. சம்பளம் மணிலாக் கணக்கில். அடுக்கும் அலமாரி ஜப்பானில்.

இதில் நல்லதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டோக்கியோவின் நிஹோன்பாஷியில் 2021 முதல் ஒரு காபிக் கடை நடக்கிறது. அங்கே பரிமாறும் ரோபோக்களை இயக்குபவர்கள், வீட்டைவிட்டு வெளியே வர முடியாத மாற்றுத்திறனாளிகள். விரலைக்கூட அசைக்க முடியாத சிலர் கண்ணசைவாலேயே ரோபோவை நடத்தி, வாடிக்கையாளரிடம் பேசுகிறார்கள். அங்கே விஆர் கருவிகூட அவசியமில்லை. தூரத்து வேலை ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடுவதும் உண்டு.

ஆனால் மணிலாவின் அந்த வேலை எத்தனை நாளைக்கு? தலைக்கருவி வழியாக ஒருவர் செய்யும் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்ய முடியும். அதைக் காட்டி ரோபோவைப் பழக்கினால், அடுத்த முறை பாட்டில் சரியும்போது அதுவே நிமிர்த்திக்கொள்ளும். இந்தப் பழக்கும் தொழில் நம் ஊருக்கும் வந்துவிட்டது. துண்டுக்கும் படுக்கை விரிப்புக்கும் பேர்போன கரூரில், நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறார்கள் இளைஞர்கள். விற்பதற்காக மடிக்கவில்லை. மடிக்கும் கைகளின் வீடியோதான் சரக்கு. ரோபோக்கள் அதைப் பார்த்துக் கற்கும்.

இப்படிக் கடல் தாண்டிச் செய்யும் வேலையில் தகராறு வந்தால் எங்கே போய் முறையிடுவது? முன்பு ஒருமுறை மெய்நிகர் உலகிலேயே போராட்டம் நடந்தது. 2007-ல் இத்தாலி ஐபிஎம் ஊழியர்களின் ஊக்கத்தொகை வெட்டப்பட்டது. அவர்கள் வீதிக்குப் போகவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகில் ஐபிஎம் கட்டியிருந்த கட்டடங்களை முற்றுகையிட்டார்கள். 30 நாடுகளிலிருந்து 1,800-க்கும் மேற்பட்ட பொம்மை உருவங்கள் திரண்டன. வாழைப்பழ வேடத்தில்கூட ஒருவர் வந்து கோஷம் போட்டார். சில வாரங்களில் ஐபிஎம்மின் இத்தாலி நிர்வாகத் தலைவர் பதவி விலகினார். ஊக்கத்தொகை திரும்பி வந்தது. அங்கே எதிராளி யார் என்பதில் குழப்பமே இல்லை: சம்பளம் தருவதும் ஐபிஎம், வேலை வாங்குவதும் ஐபிஎம், சட்டம் இத்தாலியுடையது. மணிலா இளைஞருக்குச் சம்பளம் தருவது உள்ளூர் நிறுவனம், ரோபோ இன்னொருவருடையது, அலமாரி கடைக்காரருடையது. இந்த மூவரில் யாருடைய வாசலில் அவர் கொடி பிடிப்பார் என்பதற்குத் தெளிவான விடையில்லை.