மான்கள் கம்பி நீட்டுமா? மரபுத்தொடரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது பற்றி

‘கம்பி நீட்டுதல்’ என்றால் என்ன என்று நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். ‘தப்பி ஓடுதல்’ என்று சட்டென்று பதில் வரும். சரி, வாக்கியத்தில் வைத்துச் சொல் என்றால், “காட்டில் தீப் பிடித்ததும் மான்கள் கம்பி நீட்டின” என்று வரும். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. பொருளும் மனப்பாடம் செய்த பொருள்தான். ஆனாலும் கேட்கிற காதுக்கு இடிக்கிறது. ஏன் இடிக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கம்பி நீட்டுகிறவன் ஆபத்திலிருந்து தப்புவதில்லை. செய்ய வேண்டிய வேலையிலிருந்தோ, கொடுக்க வேண்டிய கடனிலிருந்தோ நழுவுகிறான். சொல்கிறவருக்கு அவன்மேல் கொஞ்சம் கடுப்பு, கொஞ்சம் கேலி. ‘தப்பி ஓடுதல்’ என்று எழுதிப்போடும்போது அந்தக் கடுப்பும் கேலியும் காணாமல் போய்விடுகின்றன. யார், யாரைப் பற்றி, எந்த நேரத்தில் சொல்வார்கள் என்பதும் ஒரு மரபுத்தொடரின் பொருளில் பாதி. தொடர் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று கோடு போட்ட அட்டவணையில் இந்தப் பாதிக்கு இடமே இல்லை.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். தொடக்கப் பள்ளியில் ஒரு நாள் உட்கார்ந்து காதில் விழுகிற பேச்சைக் கவனியுங்கள். “எனக்கே காது குத்துறியா?”, “வாலைச் சுருட்டிக்கிட்டு உட்காரு”, “நான் சொல்றது காதுல ஏறுதா இல்லையா?” பிள்ளைகளைத் திட்டுவதில் பாதி மரபுத்தொடரில்தான் நடக்கிறது.

நான் இருப்பது திருப்பூரில். பனியன் கம்பெனி வேலைக்கு வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே தமிழ்வழியிலும் படிக்கிறார்கள். காது தெரியும், குத்துவது தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மட்டும் அந்தப் பிள்ளை முழிக்கும். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். ‘சொன்ன பேச்சு கேட்காது’, ‘மந்தம்’ என்ற பெயரெல்லாம் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கும் இதே கஷ்டம் உண்டு.

சின்னப் பிள்ளைகள் சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது புத்திக் குறைவு அல்ல, வளர்ச்சியில் ஒரு படி. அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் கிப்ஸ் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். சொற்களைப் பிரித்துப் பார்த்தால் பொருள் ஓரளவு பிடிபடுகிற தொடர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு எளிதாக விளங்கின. பிரித்தாலும் பிடிபடாதவை சிரமம் தந்தன. இத்தாலியப் பிள்ளைகளை வைத்து லெவொராட்டோவும் கச்சாரியும் செய்த ஆய்வுகளில், தனியாகக் கொடுத்த தொடரைவிடக் கதைக்குள் வந்த தொடர் நன்றாகப் புரிந்தது. ஆக, கவனிக்க வேண்டியவை இரண்டு: எதை முதலில் சொல்லித் தருவது, எதற்குள் வைத்துச் சொல்லித் தருவது.

முதலாவதற்குத் தமிழில் பஞ்சமே இல்லை. காது கொடுத்தல், கை கொடுத்தல், தோள் கொடுத்தல் என்று உடம்பை வைத்தே தொடங்கலாம். காதைக் கழற்றிக் கொடுக்க முடியாது என்று பிள்ளைக்குத் தெரியும். அப்படியானால் எதைக் கொடுக்கிறோம் என்று கேட்டால், “கவனத்தை” என்று அதுவே கண்டுபிடித்துவிடும். கயிறு திரித்தல், கரடி விடுதல் போன்றவை பிறகு வரட்டும்.

உடம்பில் தொடங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. உடம்பு எல்லா மொழிக்காரருக்கும் பொது. ‘மூக்கறுபட்டான்’ என்பதை இந்தி பேசும் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். மூக்கு அறுபடுவது அவர்கள் மொழியிலும் அவமானம்தான். ‘ஆங்க் லக்னா’ என்றால், சொல்லுக்குச் சொல் கண் படுதல் மாதிரி இருக்கும். ஆனால் இந்தியில் அதற்குக் கண் அயர்ந்துவிட்டது என்று பொருள். நமக்குக் கண் பட்டால் திருஷ்டி! இதை வகுப்பில் சொல்லச் சொன்னால், இதுவரை முழித்த பிள்ளை அன்றைக்கு வாத்தியார் ஆகிவிடும்.

இரண்டாவது, சூழல். வாரக் கடைசியில் எங்கள் தெருப் பிள்ளைகளுடன் நான் செய்வது இவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டே தொடர். முதலில் ஐந்தாறு வரியில் ஒரு கதை. அதற்குள் தொடர் வரும், பொருள் சொல்ல மாட்டேன். ஊகிக்க விடுவேன். பிறகு ஒரே தாளில் இரண்டு படம்: சொல் அப்படியே நடந்தால் எப்படி இருக்கும், உண்மையில் என்ன நடந்தது. முதல் படத்துக்குத்தான் சிரிப்பு அள்ளும். பரமார்த்த குருவின் சீடர்கள் பட்டியலில் எழுதியிருந்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டு குருவைப் பள்ளத்திலேயே விட்டுவைத்த கதைக்குச் சிரிக்கிறோமே, அதே சிரிப்பு. ஆனால் இங்கே ஒரு பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதில்லை, எல்லாரும் சேர்ந்து படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசியாக மூன்று கேள்வி: இதை யார் சொல்வார்கள்? யாரிடம்? தாத்தாவிடம் சொல்லலாமா?

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு விளையாட்டு. ‘கைவிட்டான்’ என்பதையும் ‘கையை விட்டான்’ என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் நட்பே போகிறது, இரண்டாவதில் பிடித்திருந்த கை மட்டும் போகிறது. ஒரு ‘ஐ’ உருபு வந்ததும் தொடர் உடைந்து நேர்ப்பொருள் எட்டிப்பார்க்கிறது. எல்லாத் தொடருக்கும் இது பொருந்தாது. ‘வாலைச் சுருட்டிக்கொண்டு’ என்பதில் உருபோடுதான் மரபு. எது உடையும், எது உடையாது என்று தேடுவதே நல்ல இலக்கணப் பாடம்.

கேள்வித்தாளில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலே இதில் பாதி நடந்துவிடும். ‘பொருள் எழுதுக’ என்பதற்குப் பதிலாக மூன்று சூழலைக் கொடுத்து, “எந்த இடத்தில் கம்பி நீட்டினான் என்று சொல்லலாம்? ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் அங்கே உதவாது. அந்த ‘ஏன்’ என்பதற்குப் பதில் எழுதுகிற பிள்ளைக்கு, அடுத்த முறை யாராவது காது குத்தப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.