பால் பெருகியது, காளை தளர்ந்தது

புது தில்லி: பசுவுக்குச் சினை பிடிக்காவிட்டால் பழி பசுவின் மீதே விழுகிறது, காளையை எவரும் சந்தேகிப்பதில்லை. ஆனால், கலப்பினக் காளைகளில் கணிசமானவை விந்துத் தரக் குறைவால் பொலிகாளையாகத் தேறாமல் கழிக்கப்படுகின்றன.

'ஃப்ரீஸ்வால்' இனம் இதற்குச் சான்று. ஹோல்ஸ்டீன் 62.5 சதவீதம், சாஹிவால் 37.5 சதவீதம் கலந்து ராணுவப் பண்ணைகளில் உருவாக்கப்பட்டது இது. ஓர் ஈற்றுக்கு 4,000 கிலோ பால் என்பது இலக்கு. பால் பெருகியது. ஆனால், பல காளைகளின் விந்தணுக்கள் வீரியமின்றி இருந்தன; உறைய வைத்தால் பிழைக்கவில்லை. உறைவிந்தை உருக்கிய பின் பாதி விந்தணுக்களாவது இயங்க வேண்டும் என்பது அரசு விதி.

வெப்பமும் ஒரு காரணம். விரைகள் உடலைவிடச் சில டிகிரி குளிர்ந்திருந்தால்தான் விந்தணு சீராக உருவாகும். அதற்கு ஏறத்தாழ 2 மாதங்கள் ஆவதால், கோடையின் பாதிப்பு மழைக்காலத்திலும் தொடர்கிறது.

1889-ல் அலாகாபாதில் தொடங்கிய ராணுவப் பண்ணைகள் 2021 மார்ச்சில் மூடப்பட்டன. காளைகளின் தரத்தைச் சோதிக்க உதவிய மந்தைகளும் கைமாறின.

ஒரு காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குச் செல்கிறது. ஒருமுறை சினை தவறினால் அடுத்த வாய்ப்புக்கு 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். அந்நாள்களின் தீவனச் செலவு விவசாயியின் தலையிலேயே விழுகிறது. பாலை மட்டும் அளக்கும் கொள்கை, காளையையும் அளந்தாக வேண்டும்.