பாசியும் ஆன்டிபயாடிக் மருந்துகளும்

ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில், மருந்துத் தொழிற்சாலைகள் பலவற்றின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய நிலையம் ஒன்றை ஆராய்ந்து, 2007-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. சுத்திகரித்த பின்னும் அந்நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்து கலந்திருந்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் குருதியில் காணும் அளவினும் இது மிகுதியாகும்.

இத்தகைய நீர் ஓடையிற் கலக்குமாயின், ஆங்குள்ள பாசி என்னவாகும்? மருந்தோ பாக்டீரியாவைக் கொல்வதற்கென அமைந்தது. பசும்பாசியோ பாக்டீரியா அன்று. ஆயினும் அதற்கும் தீங்குண்டு. பாசியின் உயிரணுவில் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் பசுங்கணிகம், தொல்பழங்காலத்தில் வேறோர் உயிரணுவினுள் புகுந்து நிலைத்துவிட்ட பாக்டீரியாவின் வழித்தோன்றல். விருந்தாளியாய் வந்தது வீட்டாரோடு ஒன்றிவிட்டது. பழைய இயல்போ முற்றும் மாறவில்லை. அங்குப் புரதங்களைக் கட்டும் ரைபோசோம்கள் இன்றும் பாக்டீரியாவின் ரைபோசோம்களையே ஒத்துள்ளன.

1948-இல், ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தோருள் ஒருவரான ஆல்பர்ட் ஷாட்ஸும் வேறிருவரும் அம்மருந்து கலந்த நீரில் யூக்ளினா என்னும் நுண்ணுயிரை வளர்த்தனர். அது மடியவில்லை, பச்சை நிறத்தை இழந்து வெளுத்தது. அதன் சந்ததியும் வெளுத்தே பிறந்தது.

நொதிகள் பெரும்பாலும் புரதங்களே. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்கத் தொடங்கும் ரூபிஸ்கோ என்னும் நொதி, எட்டுப் பெரிய துண்டுகளும் எட்டுச் சிறிய துண்டுகளும் சேர்ந்து அமைவது. பெரியவை பசுங்கணிகத்தினுள்ளும், சிறியவை அதற்கு வெளியிலும் உருவாகின்றன. குளோராம்பெனிகால் முன்னதைத் தடுக்கும். சைக்ளோஹெக்சிமைடு பின்னதைத் தடுக்கும். எந்த நொதி எங்கே பிறக்கிறது என்பதை அறிய ஆராய்ச்சியாளர் இவ்விரண்டையும் உளவாளிகள் போலப் பயன்படுத்தினர்.

சுரக்கும் நொதிகளின் கதை வேறு. கந்தகம் கிடைக்காத நீரில் கிளாமிடோமோனாஸ் என்னும் பாசி அரைல்சல்பேட்டேஸ் என்னும் நொதியை உண்டாக்கி, உயிரணுவின் புறத்தே அனுப்பி, கந்தகம் தேடுகிறது. இது பசுங்கணிகத்துக்கு வெளியே உருவாவதால் குளோராம்பெனிகால் இதை நேராகத் தாக்காது; சைக்ளோஹெக்சிமைடோ தொடக்கத்திலேயே தடுத்துவிடும். இத்தகைய நொதிகள் பலவற்றின்மீது சர்க்கரைச் சங்கிலிகள் இணைக்கப்படுவதுண்டு. டூனிகாமைசின் அவ்விணைப்பைத் தடுக்கிறது.

சிப்ரோபிளாக்சசின் ரைபோசோமைத் தொடுவதில்லை. மரபிழையின் முறுக்கைச் சீர்செய்யும் ஜைரேஸ் என்னும் நொதியையே அது பற்றுகிறது. அந்த ஜைரேஸ் பசுங்கணிகத்திலும் உண்டு.