“எத்தனாவது வருஷம் படிக்கிறீங்க?”

போன வாரம் என் மருமகள் ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே இக்னோவில் பி.ஏ. படிக்கிறவள் அவள். “அத்தை, சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. பாதிப் பேப்பர்தான் முடிச்சிருக்கேன். எத்தனாவது வருஷம்னு எழுதறது?” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய அவமானமும் ஞாபகம் வந்தது.

1996-ல் நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். சிதம்பரத்திலேயே வீடு இருந்தும் கல்லூரிக்குப் போய்ப் படிக்க முடியாத என் போன்றவர்களுக்கு, 1979-ல் அவர்கள் தொடங்கிய தொலைதூரக் கல்விதான் கதி. கிரைண்டரில் மாவு அரைபடும் நேரத்தில்தான் படிப்பு. முதல் வருஷம் இங்கிலீஷ் போயிற்று. அடுத்த வருஷம் பிரசவம். பணமும் கட்டவில்லை, பரீட்சையும் எழுதவில்லை.

ஆனித் திருமஞ்சனத் தேர் பார்க்கக் கீழ வீதியில் நின்றபோது நாத்தனார், “அண்ணி, எத்தனாவது வருஷம்?” என்று கேட்டாள். சட்டென்று, “மூணாவது” என்றேன். சேர்ந்து மூணு வருஷம், பொய் இல்லையே! அதே தைரியத்தில் ஒரு பள்ளிக்கூட கிளார்க் வேலைக்கும் “பி.ஏ. மூன்றாம் ஆண்டு” என்று எழுதிப் போட்டேன். நேர்முகத் தேர்வில் தலைமையாசிரியை மார்க் ஷீட்டைக் கேட்டார். என்னிடம் இருந்தது முதல் வருஷத்தது மட்டும், அதிலும் அரியர்ஸ். கூனிக் குறுகிப் போனேன்.

அந்த அம்மா திட்டவில்லை. “கைக்குழந்தையை வச்சுக்கிட்டு மூணு பேப்பர் பாஸ் பண்ணியிருக்கே. அதையே எழுதியிருந்தா எவ்வளவு கௌரவமா இருந்திருக்கும்!” என்றார். வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வருஷத்தை எண்ணுவதை விட்டுவிட்டுப் பேப்பரை எண்ண ஆரம்பித்தேன். பாஸான ஒவ்வொன்றையும் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைப்பேன். 2002-ல் டிகிரி வாங்கினேன்.

அமெரிக்காவில் பகுதி நேரமாகப் படிப்பவர்களுக்கும் எத்தனை வருஷம் ஆயிற்று என்பது பெரும்பாலும் கணக்கில்லை. எத்தனை கிரெடிட் முடித்தார்கள் என்பதே கணக்கு. இக்னோவிலும் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மூன்று வருஷ பி.ஏ.வை முடிக்க ஆறு வருஷம் வரை அவகாசம் உண்டு. நிதானமாகப் படிப்பவர்களும் இருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

மருமகளுக்கு நான் சொன்னது இதுதான்: சேர்ந்த வருஷம், பாஸ் பண்ணிய பேப்பர், பாக்கி எத்தனை, எப்போது முடிப்பாய் என்று நாலு விவரத்தையும் எழுது. முடிக்கும் முன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடாதே, “படித்துக்கொண்டிருக்கிறேன்” என்று எழுது.

வீட்டு வேலைக்கு நடுவே படிக்கும் சகோதரிகளே, யாராவது “எத்தனாவது வருஷம்?” என்று கேட்டால் தலை குனியாதீர்கள். “இத்தனை பேப்பர் முடிச்சாச்சு, இன்னும் இத்தனை இருக்கு” என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, சிதம்பரம்