மலைக்கு வராத ஹெலிகாப்டர்

பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளில் மண் சரிந்தால் அரசின் முதல் பதில் ஒன்றுதான்: ராணுவத்தைக் கூப்பிடு. ராணுவத்துக்கோ ஆள் போதவில்லை, மேகமும் வழிவிடுவதில்லை.

2018 ஆகஸ்ட் 17. செங்கன்னூர் எம்.எல்.ஏ. சஜி செரியான் தொலைக்காட்சி சேனல் ஒன்றில் வாய்விட்டு அழுதார். ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தன் தொகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப் போவார்கள் என்று கெஞ்சினார். இத்தனைக்கும் அவர் ஆளும் கட்சிக்காரர். மாநிலமே அதைப் பார்த்து அதிர்ந்தது. அதே நேரத்தில் பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதியில் அழுதவர்களைப் படம் பிடிக்க எந்த கேமராவும் இல்லை. நென்மாறையிலிருந்து மேலே ஏறும் ஒரே சாலை முந்தைய நாளே பல இடங்களில் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் அளுவச்சேரியில் மண்ணுக்குள் புதைந்து 10 பேர் இறந்திருந்தார்கள். மேலே தேயிலை, காபித் தோட்டங்களில் சிக்கியிருந்தவர்களுக்கு அரிசியும் மருந்தும் பல நாட்கள் தலைச்சுமையாகவும், வானம் திறந்த நேரங்களில் ஹெலிகாப்டரிலும் போய்ச் சேர்ந்தன.

யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மூன்றே நாட்களில் கேரளத்தில் சராசரியாக 414 மில்லிமீட்டர் மழை கொட்டியதாக மத்திய நீர்வள ஆணையம் கணக்கிட்டது. 1924 வெள்ளத்துக்குப் பிறகு மாநிலம் இப்படியொன்றைப் பார்த்ததில்லை. 483 பேர் இறந்ததாக முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையில் அறிவித்தார். உச்ச நாட்களில் முகாம்களில் இருந்தவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். கொச்சி விமான நிலையமே தண்ணீரில் மூழ்கி இரண்டு வாரம் மூடப்பட்டது.

மத்திய அரசு தன் பங்குக்கு அனுப்பியது குறைவல்ல: 40 ஹெலிகாப்டர்கள், 31 விமானங்கள், முப்படைகளின் 182 மீட்புக் குழுக்கள், தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 58 குழுக்கள், 500-க்கும் மேற்பட்ட படகுகள். 2006-ல் தொடங்கப்பட்ட மீட்புப் படை அதுவரை ஒரே மாநிலத்துக்கு இத்தனை குழுக்களை அனுப்பியதில்லை. இவர்கள் காப்பாற்றியது 60,000-க்கும் அதிகமானவர்களை என்கிறது உள்துறை அமைச்சகம். சம்பளமும் சீருடையும் இல்லாமல், சொந்தப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள் காப்பாற்றியது சுமார் 65,000 பேரை என்பது மாநில அரசின் கணக்கு. படகுகள் 669, மீனவர்கள் 4,500-க்கும் மேல்.

ஆனால் படகு மலை ஏறாது. இங்கேதான் எல்லை மாவட்டங்களின் பிரச்னை தொடங்குகிறது. சமவெளியில் தண்ணீர் நின்றால் மாடியில் நிற்பவரைக் கயிற்றில் தூக்கலாம். மலையில் மண் சரிந்தால் தூக்குவதற்கு ஆளே மிஞ்சுவதில்லை, தோண்ட வேண்டும். தோண்டும் இயந்திரம் போகச் சாலை வேண்டும். சாலைதான் முதலில் போகிறது. ஆலுவா, செங்கன்னூர், சாலக்குடி என்று லட்சக்கணக்கானவர்கள் கூரை மேல் நின்று கையசைக்கும்போது, இருக்கிற ஹெலிகாப்டர்களை எங்கே அனுப்புவார் ஓர் அதிகாரி? கூட்டம் அதிகமுள்ள இடத்துக்குத்தான். அந்த முடிவில் தவறு இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் மலை எப்போதும் கடைசியில் வரும்.

ராணுவம் வரும் முறையும் லேசானதல்ல. சிவில் நிர்வாகம் கேட்டால்தான் அது வரும். வந்தாலும் உதவி செய்யுமே தவிர நிர்வாகத்தைக் கையில் எடுக்காது. 2018-ல் மீட்புப் பணியை முழுவதுமாக ராணுவத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா கோரினார். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது வட்டாட்சியருக்குத்தான் தெரியும், மேஜருக்கு அல்ல என்பது அரசுத் தரப்பு வாதம். ராணுவ உடையில் ஒருவர் வீடியோவில் தோன்றி, முதல்வர் ராணுவத்தைத் தடுக்கிறார் என்று முழங்கினார். அவர் ஒரு போலி என்று ராணுவமே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. வெள்ளத்துக்கு நடுவில் இந்த வேலை வேறு!

பூகோளமும் ஒரு வேடிக்கை செய்கிறது. பாலக்காட்டுக்கும் மூணாறுக்கும் ஓடிவர வேண்டிய உதவியில் பெரும்பகுதி மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. ஹெலிகாப்டர் என்றால் கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளம். காலாட்படை என்றால் குன்னூர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில். 2018 மார்ச் 11-ம் தேதி போடி அருகே குரங்கணி மலையில், இடுக்கி எல்லையில் உள்ள கொழுக்குமலையை ஒட்டிய சரிவில், மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியபோது சூலூரிலிருந்துதான் ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன் இருட்டில் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்கள் அந்தப் பகுதி கிராமத்து மக்களும் வனத்துறையினரும். இறந்தவர்கள் 23 பேர்.

2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே சேராடு மலையில் ஓர் இளைஞர் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டபோதும் இதே கதை, முடிவு மட்டும் வேறு. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் முயன்று முடியாமல் திரும்பியது. வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த ஜவான்கள், லெப்டினன்ட் கர்னல் ஹேமந்த் ராஜ் தலைமையில் இரவோடு இரவாக மலையேறி, சுமார் 45 மணி நேரத்துக்குப் பின் அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். நாடே நேரடி ஒளிபரப்பில் பார்த்துக் கைதட்டியது. தட்ட வேண்டியதுதான். அன்று வானம் தெளிவாக இருந்தது, சாலை இருந்தது, சிக்கியவர் ஒருவர்.

பெட்டிமுடியில் இந்த மூன்றுமே இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு பத்தே முக்கால் மணி வாக்கில், இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை உடைந்து இறங்கியது. அன்று ஒரே நாளில் அங்கே பெய்த மழை 60 சென்டிமீட்டருக்கும் மேல். கண்ணன் தேவன் கம்பெனியின் நான்கு லயங்கள் இருந்த இடத்தில் காலையில் பாறைகள் மட்டுமே இருந்தன. உள்ளே தூங்கியவர்கள் தமிழர்கள்; பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுதான் பூர்வீகம். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தும், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். வேலையில் இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும்.

மழையில் மின்சாரம் போயிருந்தது. அதோடு செல்போன் கோபுரமும் செத்திருந்தது. உயிர் தப்பியவர்கள் இருட்டில் நடந்து ராஜமலைக்கு வந்து சொன்ன பிறகே வெளியுலகம் விழித்தது. மூணாறிலிருந்து கிளம்பிய வண்டிகளைப் பெரியவரையில் ஆறு மறித்தது. அங்கிருந்த பாலம் 2018 வெள்ளத்தில் போனது. அதற்குப் பதிலாகக் குழாய்களை அடுக்கி மண் கொட்டிய தற்காலிகப் பாலம் 2020-லும் அடித்துச் செல்லப்பட்டது. இரண்டு ஆண்டுகளாக ஒரு பாலத்தைக் கட்டி முடிக்காத நிர்வாகம், அன்று காலை விமானப்படையிடம் ஹெலிகாப்டர் கேட்டது. மூடுபனியும் மழையும் விடவில்லை. மீட்புப் படை வந்து சேருமுன் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்து டிவிஷன் தொழிலாளர்கள். ஒரு ராணுவ டிவிஷனே தயாராக நின்றிருந்தாலும் அன்று காலை பெரும் வித்தியாசம் இருந்திருக்காது. வேலை செய்யும் ஒரு டெலிபோனும், நிற்கும் ஒரு பாலமும் சில மணி நேரங்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

மறுநாள் இரவு கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. கேமராக்கள் அங்கே திரும்பின. ஆகஸ்ட் 8-ல் முதல்வரும் கவர்னரும் அங்கே போனார்கள். பெட்டிமுடிக்கு அவர்கள் வந்தது 13-ம் தேதி. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம், பெட்டிமுடியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 5 லட்சம். மூணாறின் தமிழர்கள் இன்றும் கேட்கும் கேள்வி இதுதான். விபத்து வேறு, பேரிடர் வேறு என்று விதிகள் பதில் சொல்லலாம். வீட்டில் ஒருவரும் மிஞ்சாதவனிடம் அந்த விதிகளை எப்படி விளக்குவது?

மொத்தம் 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன, நால்வர் கிடைக்கவேயில்லை. ஒரு சிறுமியின் உடலை ஆற்றோரத்தில் காட்டிக் கொடுத்தது அவள் வீட்டில் வளர்ந்த குவி என்ற நாய்.

இடுக்கிக்கு ரயில் கிடையாது, விமான நிலையமும் கிடையாது. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்.சி.சி.க்காக ஒரு சிறிய ஓடுபாதை அமைக்கப்பட்டது. பேரிடரிலும் பயன்படும் என்றார்கள். 2022 டிசம்பரில் முதல் சிறு விமானம் அங்கே இறங்கியது. அதற்கு ஐந்து மாதம் முன்பு பெய்த மழையில் ஓடுபாதையின் ஒரு பகுதியே சரிந்து போயிருந்தது!

2024 ஜூலை 30-ல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை அழிந்தபோது ராணுவம் தன்னால் முடிந்ததன் உச்சத்தைக் காட்டியது. பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் 190 அடி பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1-ம் தேதிக்குள் எழுப்பினார்கள். பின்னாலேயே பில்லும் வந்தது. 2006 முதல் அதுவரை நடந்த ஹெலிகாப்டர், விமான உதவிகளுக்காக 132.62 கோடி ரூபாய் கட்டும்படி பாதுகாப்பு அமைச்சகம் கேரள அரசுக்கு எழுதியது. இந்த வசூல் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான பழைய நடைமுறைதான். ஆனாலும் இத்தனை ஆண்டுப் பாக்கியை இந்த நேரத்திலா கேட்பது என்று கேரள உயர் நீதிமன்றமே 2024 டிசம்பரில் வினவியது. ஹெலிகாப்டரைக் கூப்பிடுவதற்கு முன் கலெக்டர் ஒருவர் செலவையும் யோசிக்கத் தொடங்கினால், அப்போதும் கடைசியில் நிற்கப் போவது மலைதான்.

பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது. அரசு நிலம் தந்தது, கம்பெனி கட்டிக் கொடுத்தது. மற்ற டிவிஷன்களில் லயங்கள் அதே சரிவுகளில் நிற்கின்றன. ஒவ்வொரு ஆகஸ்ட் 6-ம் தேதியும் உறவினர்கள் ராஜமலைக் கல்லறைக்கு வருகிறார்கள். அதுவும் மழைக்காலம்தான்.