புளியறையில் போர்டு இருக்கு, பாக் நீரிணையில்? கச்சத்தீவும் கடல் எல்லையும் - ஒரு விளக்கம்

செங்கோட்டையைத் தாண்டி கொல்லம் ரோட்டில் போனால் புளியறை. தமிழ்நாடு எங்கே முடிகிறது என்று அங்கே யாரையும் கேட்க வேண்டாம். செக்போஸ்ட், போர்டு, வரிசையில் நிற்கும் லாரிகள் எல்லாமே சொல்லிவிடும். கொஞ்ச தூரத்தில் ஆரியங்காவு, கேரளா. இந்தக் கோடும் ரொம்பப் பழசு கிடையாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. மாநில மறுசீரமைப்பில் நம்ம பக்கம் வந்தது.

ராமேஸ்வரத்தில் இருந்து கிளம்பும் விசைப்படகுக்கு இப்படி எந்த போர்டும் இல்லை. ஜி.பி.எஸ். திரையில் ஒரு கோடு, அவ்வளவுதான். தாண்டினால் இலங்கைக் கடற்படை, கைது, படகு பறிமுதல். ஒவ்வொரு கைதுக்குப் பிறகும் ‘கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிடும்’ என்ற பேச்சு கிளம்பும். 2025 ஏப்ரல் 2-ல் தமிழக சட்டப்பேரவையும் மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஆனால், தீவு கைமாறினால் கடலும் மீனும் சேர்ந்து கைமாறுமா?

தீவுக்கு எவ்வளவு கடல்?

1982-ல் உருவாகி 1994-ல் அமலுக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் இதற்கு அடிப்படை. கரையில் இருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) வரை அந்த நாட்டின் முழு இறையாண்மை. 200 கடல் மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம். இந்த மண்டலத்தில் மீன், எண்ணெய் போன்ற வளங்கள் அந்த நாட்டுக்குச் சொந்தம். ஆனால் வேற்று நாட்டுக் கப்பல் போய்வருவதைத் தடுக்க முடியாது.

தீவு நாடுகளுக்கு இது ஜாக்பாட். பசிபிக்கில் உள்ள கிரிபாட்டியின் மொத்த நிலம் 811 சதுர கி.மீ. அதன் கடலோ 34 லட்சம் சதுர கி.மீட்டருக்கும் மேல். நம்ம இந்தியாவின் கடல் மண்டலத்தை விட அதிகம்! இலங்கைக்கும் நிலத்தைப் போல சுமார் 8 மடங்கு கடல்.

எல்லாத் தீவுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. மனிதர் வாழவோ, சொந்தப் பொருளாதாரம் நடத்தவோ முடியாத பாறைகளுக்கு 12 மைல் மட்டுமே என்கிறது உடன்படிக்கையின் 121-வது பிரிவு. 2016-ல் தென்சீனக் கடல் வழக்கில் நடுவர் தீர்ப்பாயம் இதைக் கறாராகவே பயன்படுத்தியது. கச்சத்தீவு 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லை, நிரந்தரமாக யாரும் குடியிருக்கவில்லை. இருப்பது அந்தோணியார் கோயில்தான். இந்த அளவுகோலில் 200 மைல் கேட்பது கஷ்டம்.

அதை விடுங்கள், கேட்க இடமே இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கி.மீ.தான். இரண்டு 22 அதற்குள் எப்படி அடங்கும்? அதனால் நடுவில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

1974-ல் என்ன, 1976-ல் என்ன?

இரண்டையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். சிக்கலே அங்கேதான்.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். எல்லைக் கோடு கச்சத்தீவுக்கு ஒரு மைல் மேற்கே போனது. தீவு இலங்கைப் பக்கம். ஆனாலும் 5-வது பிரிவின்படி இந்திய மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போகலாம். 6-வது பிரிவு, இருநாட்டுப் படகுகளும் பரம்பரையாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றது. இதில் மீன்பிடி உரிமையும் அடக்கம் என்பது தமிழகத்தின் வாதம். வலை காயவைக்கவும் ஓய்வெடுக்கவும் மட்டுமே என்பது இலங்கையின் பதில்.

1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் இந்த வாதத்தையே மூழ்கடித்தன. ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. அப்போது எமர்ஜென்சி. தமிழகத்தில் ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் கொழிக்கும் ‘வாட்ஜ் பேங்க்’ இந்தியாவுக்கு என்று உறுதியானதும் அதே 1976-ல்தான். கச்சத்தீவு மேடைகளில் இது காதில் விழுவதே இல்லை.

கோர்ட் மூலம் திரும்பப் பெறலாமா?

செங்கோட்டையைப் போல மாநிலங்களுக்கு நடுவே கோட்டை மாற்ற நாடாளுமன்றச் சட்டம் போதும். வேறு நாட்டுக்கு நிலத்தைக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தமே தேவை என்று பெருபாரி விவகாரத்தில் 1960-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-ல் வங்கதேசத்துடன் நிலப்பரிமாற்றமும் 100-வது திருத்தத்தின் மூலம்தான் நடந்தது. கச்சத்தீவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதே 2008-ல் ஜெயலலிதா தொடுத்த வழக்கின் அடிப்படை. மத்திய அரசின் பதில்: அது தகராறில் இருந்த இடம், எல்லையைத்தான் வரையறுத்தோம், நம் நிலத்தைக் கொடுக்கவில்லை.

ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பழைய உரிமையை வைத்துப் பார்த்தால் தமிழகத்தின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்திய கோர்ட் என்ன சொன்னாலும் இலங்கையை அது கட்டுப்படுத்தாது. எல்லை ஒப்பந்தத்தை ஒரு நாடு மட்டும் நினைத்த நேரத்தில் ரத்து செய்வதையும் சர்வதேச சட்டம் லேசில் ஏற்பதில்லை.

தீவு திரும்பக் கிடைத்தாலும் கோடு கொஞ்சம் கிழக்கே நகரும், அவ்வளவுதான். நம் படகுகள் தேடிப் போகும் மீனில் பெரும்பகுதி அதற்கும் அப்பால், யாழ்ப்பாணம், மன்னார் கரையோரத்தில். அங்கே இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள். போர்க்காலம் முழுக்கக் கடலுக்குள் போக முடியாமல் கிடந்தவர்கள். நம்ம டிராலர்கள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதாகச் சொல்கிறார்கள். 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. மறு ஆண்டே வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதம் எகிறியது.

அதே 2017-ல் இந்தியாவும் ஒரு வழி தேடியது. பாக் விரிகுடா டிராலர்களைக் கைவிட்டு, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளுக்கு மாறும் திட்டம். ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய். 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி மீனவர் கையில் இருந்து. மூன்று ஆண்டில் 2,000 படகுகள் இலக்கு. மாறியதோ அதில் ஒரு சிறு பகுதிதான். சாயங்காலம் போய் காலையில் கரை திரும்பிப் பழகியவர்கள், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டிய தொழில் அது.