ஷெட்டில் நிற்கும் பழைய டிராக்டர்... சரிசெய்யலாமா, தள்ளிவிடலாமா?

அப்பா காலத்தில் வாங்கிய டிராக்டர், மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்பது பல ஊர்களில் காணக்கூடிய காட்சிதான். எடைக்குப் போட மனசு வராது, ஓட்டவும் முடியாது. உண்மையில், இந்தப் பழைய வண்டிகளில் சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம். ஆனால், பலரும் பெயின்டில் ஆரம்பித்து எஞ்சினில் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு, காகிதம், எஞ்சின், பிரேக், கடைசியில்தான் பெயின்ட். இந்த வரிசை மாறினால் போட்ட பணம் திரும்பாது.

முதலில் கணக்கு

ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து காட்டி, உதிரிபாகம், கூலி, டயர், பேட்டரி என்று தனித்தனியாகச் செலவை எழுதி வாங்குங்கள். பிரித்த பிறகு புதிதாக ஏதாவது தெரியவரும் என்பதால், அந்தத் தொகைக்கு மேல் கால் பங்கைக் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது.

உதாரணத்துக்கு, மொத்தச் செலவு 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உழவு வாடகை மணிக்கு 1,200 ரூபாய். மணிக்கு 4 லிட்டர் டீசல், லிட்டர் 95 ரூபாய் என்றால் டீசலுக்கு 380 ரூபாய். இன்ஷூரன்ஸ், ஆயில், சில்லறைச் செலவுகள் ஆண்டுக்கு 15,000 ரூபாய். நீங்களே ஓட்டுகிறீர்கள்.

ஆண்டுக்கு 100 மணி நேரம் வேலை இருந்தால், மிச்சமாகும் வாடகை 1,20,000 ரூபாய். டீசல் 38,000, மற்ற செலவு 15,000 போக 67,000 ரூபாய் கையில் நிற்கும். மூன்று ஆண்டுகளுக்குள் போட்ட பணம் வந்துவிடும்.

ஆண்டுக்கு 30 மணி நேரம்தான் வேலை என்றால், வாடகையாக மிச்சமாவது 36,000 ரூபாய். டீசல் 11,400, மற்ற செலவு 15,000 போனால் நிற்பது 9,600 ரூபாய்தான். 1,80,000 ரூபாயை எடுக்க 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இரண்டு, மூன்று ஏக்கர் மட்டும் வைத்திருப்பவர்கள் தனியாக இதில் இறங்குவது சரிப்படாது. அண்ணன் தம்பி, பங்காளிகள் சேர்ந்து வேலையைப் பகிர்ந்துகொண்டால்தான் கட்டுப்படியாகும். உங்கள் ஊர் வாடகையையும் டீசல் விலையையும் போட்டு, இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

உதிரிபாகம் கிடைக்குமா?

இதுதான் அடுத்த கேள்வி. 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் வண்டிகள் நம் பக்கம் ஏராளம். ரிங், லைனர், கிளட்ச் பிளேட் என்று தேய்கிற சாமான்கள் அநேகமாக எல்லா டவுனிலும் கிடைக்கும். எச்.எம்.டி. நிலைமை வேறு. 1971-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டார் தொழில்நுட்பத்தோடு வந்த வண்டி அது. அந்த டிராக்டர் பிரிவை மூடிவிட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. இப்படி உற்பத்தி நின்றுபோன வண்டி என்றால், பிரிப்பதற்கு முன்பே முக்கிய சாமான்கள் எங்கே கிடைக்கும் என்று கடைகளில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள்

விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 25. டிரெய்லருக்குத் தனிப் பதிவு. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கின்றனவா என்று துருவைத் துடைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய கடன் அடைந்திருந்தாலும், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருக்கலாம். வேறொருவரிடம் வாங்குவதாக இருந்தால், இவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

எஞ்சின் சொல்லும் சேதி

ஓடுகிற வண்டி என்றால், புகையே பாதி நோயைச் சொல்லிவிடும்.

கறுப்புப் புகை: காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் போகிறது. முதலில் ஏர் கிளீனரைப் பாருங்கள்.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. ரிங், லைனர் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கும்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த எஞ்சினில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் பயமில்லை. தொடர்ந்து வந்தால் கம்ப்ரஷன் குறைவு, டைமிங் கோளாறு அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் இறங்குவது காரணமாக இருக்கலாம். ஆயில் கம்பியில் மோர் போல வெளுத்த ஆயில் ஒட்டினால், தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எஞ்சினை ஓட்டவே கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

பேட்டரி வயரைக் கழற்றிய பிறகே மற்ற வேலை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் படம் எடுங்கள். நட்டு, போல்ட்டுகளை டப்பா டப்பாவாகப் போட்டு, எந்த இடத்தில் இருந்தவை என்று எழுதி ஒட்டுங்கள். மாட்டும்போது இதன் அருமை தெரியும்.

டேங்கைக் கழுவுவது, டீசல் ஃபில்டர், ஆயில், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, வயரிங் எல்லாம் நீங்களே செய்யலாம். ஆயில் ஊற்றும் ஏர் கிளீனராக இருந்தால், கிண்ணத்தின் அடியில் படிந்த சேற்றை வழித்தெடுத்துவிட்டு, கோடு போட்ட அளவுக்கு மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள்.

ஃபில்டர் மாற்றிய பின் காற்று எடுக்காவிட்டால் வண்டி கிளம்பாது. ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்தால் நுரையோடு டீசல் வரும். குமிழி நின்றதும் இறுக்குங்கள். பிறகு பம்பிலும், கடைசியாக நாசில் பைப்புகளிலும் இதையே செய்ய வேண்டும்.

டீசல் பம்பையும் நாசிலையும் வீட்டில் பிரிக்க வேண்டாம். பம்பு சர்வீஸ் பட்டறையில் மெஷினில் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கவே கூடாது. அட்டையை நீட்டிப் பாருங்கள். கிளட்ச் மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிப்பதும் மெக்கானிக் வேலைதான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கனமான கட்டையோ ஸ்டாண்டோ கட்டாயம் வேண்டும்.

பிரேக்கும் ஹைட்ராலிக்கும்

இடது, வலது பிரேக்குகள் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். சாலையில் போகும்போது இரண்டு பெடலையும் இணைக்கும் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். அந்தக் கொக்கி தொலைந்திருந்தால், முதலில் வாங்க வேண்டிய சாமான் அதுதான். ஒரு பெடல் மட்டும் பிடித்தால், பாரம் ஏற்றிய வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழ்ந்துவிடும்.

கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். மளமளவென்று இறங்கினால், ஹைட்ராலிக் சீல் அல்லது வால்வில் கசிவு. எவ்வளவு நல்ல வண்டியானாலும், தூக்கிய கலப்பைக்கு அடியில் ஆள் போகக் கூடாது.

ஆசைக்கு மாற்றுவதும் எல்லையும்

துரு சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பூசி, காய்ந்த பின் எனாமல் அடித்தால் வண்டி பளிச்சென்று ஆகிவிடும். நல்ல சீட், டூல் பாக்ஸ், பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர், ஒழுங்கான லைட் எல்லாம் அவசியமான செலவுகள். பின்னால் கனமான கருவி மாட்டுபவர்கள், முன்பக்கம் கம்பெனி எடைக்கட்டிகளைப் போட்டுக்கொள்ளலாம்.

கனமான இரும்பில் கூரை வெல்டிங் செய்வது வேறு கதை. உயரத்தில் எடை ஏறினால், வரப்பு ஏறும்போது வண்டி சாய்வது சுலபமாகிவிடும். பட்டறையில் வளைத்த பைப், கவிழும்போது உயிரைக் காக்கும் சட்டம் ஆகாது. சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும்போது, சங்கிலியைக் கீழுள்ள இழுவைக் கட்டையில்தான் கட்ட வேண்டும். மேலே டாப் லிங்க் பக்கம் கட்டினால், முன் சக்கரம் எழும்பி டிரைவர் மேலேயே வண்டி மல்லாந்துவிடும்.

பி.டி.ஓ. மூடி இல்லாத பழைய வண்டிகள் ஏராளம். 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ, துப்பட்டாவோ மாட்டினால் கை நீட்டி எடுக்க நேரமிருக்காது. பெயின்டுக்கு முன் அந்த மூடியை வாங்குங்கள்.

வாசகர் கேள்விகள்

பல வருஷமாக ஓடாத வண்டியை இழுத்து ஸ்டார்ட் செய்யலாமா?

கூடாது. உள்ளே துரு பிடித்திருந்தால் ரிங்கும் லைனரும் போய்விடும். நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு முன் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால், நாசில் மாட்டாமலே ஸ்டார்ட்டரால் சுழற்றி மிச்ச ஆயிலை வெளியேற்றுங்கள். அப்போது துளைகளுக்கு நேராக முகம் இருக்கக் கூடாது. சுற்றவே இல்லை என்றால், பலம் காட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வேறு கம்பெனி எஞ்சினைப் பொருத்தலாமா?

ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. எஞ்சின் மாற்றுவதாக இருந்தால், வேலையை ஆரம்பிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். பதியாத எஞ்சினோடு விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும்.

வண்டி இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?

இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தாலும், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு போய், தாமதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். செலவு செய்வதற்கு முன் பெயரை மாற்றிவிடுவதே நல்லது. லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு, ‘வண்டியில் எனக்கும் பங்கு உண்டு’ என்று பேச்சு வந்தால், டிராக்டரோடு உறவும் கெட்டுப்போகும்.